ஒரு பருவத்துக்கு 47,000 ஷில்லிங்: உகாண்டாவில் அரசும் தனியார் பள்ளிகளும் சேர்ந்து நடத்திய உயர்நிலைக் கல்வி ஏன் நின்றுபோனது?

எம்பாலே சிவா (சனி, காலை 7:40)

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு உகாண்டாவில், எல்கன் மலை அடிவாரத்தில் இருக்கும் எம்பாலே ஊரில் எழுதுபொருள் மொத்த வியாபாரம் செய்கிறேன். நோட்டு, சாக்பீஸ், ஜாமெட்ரி பெட்டி, தாள் ரீம். வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாடிக்கையில் முக்கால்வாசி பள்ளிக்கூடங்கள். அதனால் இந்தப் பக்கத்துப் பள்ளிகளின் நல்லது கெட்டதெல்லாம் என் கடன் பேரேட்டில் தெரிந்துவிடும்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய பேரேடுகள் கிடைத்தன. அதில் ஒரு தனியார் உயர்நிலைப் பள்ளியின் பக்கம். 2012 முதல் 2017 வரை எல்லா வருஷமும் ஒரே கதை: பிப்ரவரி முதல் வாரம் சரக்கு போகிறது, ஏப்ரல் கடைசியில்தான் பணம் வருகிறது. ஓரத்தில் என் கையெழுத்தில் "அரசுப் பணம் வந்ததும்" என்று குறிப்பு. 2018இல் நோட்டு எண்ணிக்கை கால் பங்கு குறைகிறது. 2019இல் பாதி. 2020 மார்ச்சுக்குப் பிறகு பக்கம் காலி. இப்போது அந்தக் கட்டடத்தில் மக்காச்சோள மாவு மில் ஓடுகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: உகாண்டா 1997இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. அந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பு முடித்து வெளியே வந்தபோது அவர்களுக்கு உயர்நிலைப் பள்ளி இல்லை. 2007இல் "எல்லோருக்கும் உயர்நிலைக் கல்வி" என்று அறிவித்தார்கள். அரசுப் பள்ளியே இல்லாத துணை மாவட்டங்கள் நிறைய இருந்ததால், குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஏழாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 4 முதல் 28 வரை மொத்தப் புள்ளி எடுத்த பிள்ளை தகுதி பெறும் (இங்கே புள்ளி குறைந்தால் நல்லது, 4தான் முதலிடம்). அந்தப் பிள்ளைக்காக அரசு தனியார் பள்ளிக்குப் பருவத்துக்கு 47,000 ஷில்லிங் கொடுக்கும். அரசுப் பள்ளிக்கு 41,000. கேட்டால் தனியாருக்குத்தான் அதிகம் என்று தோன்றும். ஆனால் அரசுப் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் தனியாகக் கருவூலத்திலிருந்து வந்துவிடும். தனியார் பள்ளி சம்பளம், வாடகை, சாக்பீஸ் எல்லாவற்றையும் அந்த 47,000க்குள் முடிக்க வேண்டும்.

அந்தத் தொகை பத்து வருஷத்துக்கு மேல் மாறவே இல்லை. 2007இல் ஒரு டாலர் சுமார் 1,700 ஷில்லிங். 47,000 என்றால் 27 டாலர். 2017இல் டாலர் 3,600; அதே 47,000 அப்போது 13 டாலர்தான். 2018இலிருந்து இந்தப் பள்ளிகளில் அரசுச் செலவில் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 800க்கும் மேற்பட்ட பள்ளிகள் இந்தத் திட்டத்தில் இருந்தன.

எனக்கு மனசு ஆறவில்லை. நிறுத்தியது சரியா? மற்ற நாடுகளில் இருப்பவர்கள், படித்தவர்கள் சொல்லுங்கள்.

---

பார்த்தி (சனி, காலை 10:15)

சிவா அண்ணா, நல்ல இழை. நான் கல்விப் பொருளாதாரம் படிப்பவன், உகாண்டாவை நேரில் பார்த்ததில்லை. படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

இந்தத் திட்டத்தை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சேர விண்ணப்பித்த 100 தனியார் பள்ளிகளை எடுத்து, யாரை முதலில் சேர்ப்பது, யாரைப் பிறகு சேர்ப்பது என்று குலுக்கலில் தீர்மானித்து, இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. மதிப்பெண்ணும் கூடியது. கூடியதற்குக் காரணமாக ஆய்வாளர்கள் சொன்னது இரண்டு: பள்ளிக்கு வந்த கூடுதல் வசதிகள், சேர்ந்த பிள்ளைகளின் குடும்பப் பின்னணி.

இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டு "பார், ஏழைப் பிள்ளைக்குப் போகவில்லை" என்பவர்கள் உண்டு. ஆனால் கட்டடம் கட்டாமல், புதிய ஆசிரியர் பணியிடம் உருவாக்காமல், சில மாதங்களில் இத்தனை இடங்களை வேறு எந்த வழியில் உருவாக்கியிருக்க முடியும்?

கானாவைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் மேல்நிலைக் கல்வியை இலவசமாக்கினார்கள். தனியார் பள்ளிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என்ன ஆனது? ஒரு பக்கம் அரசுப் பள்ளிகளில் படுக்கவும் உட்காரவும் இடமில்லை. மறுபக்கம் தனியார் பள்ளிகள் காலியாகின. 2018இல் பிள்ளைகளைப் பச்சை, தங்கம் என்று இரண்டு அணியாகப் பிரித்து, ஒரு அணி பள்ளியில் இருக்கும்போது இன்னொன்றை வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தது. அப்படிப் பார்த்தால் உகாண்டா 2007இல் எடுத்த வழி புத்திசாலித்தனமானது. நிறுத்தியது தப்பு என்பது என் கருத்து.

---

மேலூர் கதிர் (சனி, காலை 11:02)

சிவா அண்ணே, ஒரு சந்தேகம். அரசு 47,000 கொடுத்தால் பிள்ளைக்கு முழுக்க இலவசமா? வீட்டிலிருந்து ஒன்றும் கட்ட வேண்டாமா?

---

எம்பாலே சிவா (சனி, மதியம் 1:30)

கதிர் தம்பி, சரியான இடத்தில் கேட்டீர்கள். காகிதத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் மதிய உணவுக்குப் பணம் கட்ட வேண்டும். போஷோ என்று மக்காச்சோள மாவுக் களி, கூட அவித்த பீன்ஸ். சீருடை, விடுதி என்றால் விடுதிச் செலவு, பயிற்சித் தேர்வுக்குத் தாள் காசு, கட்டட வளர்ச்சிக்கு என்று ஒரு தொகை. எல்லாம் சேர்த்தால் பல பள்ளிகளில் அரசு கொடுப்பதை விட வீடு கொடுப்பது அதிகம்.

அதற்காகத் தலைமையாசிரியரைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பேரேட்டுப் பள்ளியின் தலைமையாசிரியர் ஒரு நாள் என் கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து, என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அரசுப் பிள்ளைகள் 300 பேர். பருவத்துக்கு 1 கோடியே 41 லட்சம் ஷில்லிங். ஆசிரியர் 12 பேர், மாசம் ஆளுக்கு 3 லட்சம், மூன்று மாசத்துக்கு 1 கோடியே 8 லட்சம். மிச்சம் 33 லட்சம். பிள்ளைக்கு 11,000. "இதில் உங்கள் நோட்டு, விறகு, ஆய்வகத்துக்கு அமிலம், மழையில் பறந்த தகரம் எல்லாம் வாங்க வேண்டும், சொல்லுங்கள்" என்றார். அந்தப் பணமும் பருவம் முடியும்போதுதான் வரும். அதுவரை ஆசிரியர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து கொடுப்பார்? பெற்றோரிடம் கேட்டார். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் என் கடை வழியாகத்தான் திரும்பிப் போவார்கள், காலை ஒன்பது மணிக்குச் சீருடையோடு.

பார்த்தி தம்பி, இடம் உருவானது உண்மை. என் வியாபாரமே அதில் வளர்ந்தது, அதை மறுக்க மாட்டேன்.

---

யாழ் மாஸ்டர் (சனி, இரவு 8:20)

தம்பிமார், நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். 1979 தொடக்கம் 1987 வரை சாம்பியாவில் படிப்பித்தனான். அந்தக் காலத்தில் இலங்கை, இந்திய ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் சாம்பியா, நைஜீரியா, எத்தியோப்பியா என்று நிறையப் போனோம். செம்பு விலை விழுந்து நாடே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த நேரம்.

நான் வேலை செய்தது கத்தோலிக்க மிஷன் நடத்திய ஒரு பெண்கள் விடுதிப் பாடசாலை. இப்போது அரசு–தனியார் கூட்டு என்று புதுப் பெயர் சொல்கிறார்கள். அங்கே அது சுதந்திரத்துக்கு முன்பிருந்தே நடந்து வந்த காரியம். கட்டடம் மிஷனுடையது. நிர்வாகம் கன்னியாஸ்திரிமாருடையது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. என்னுடைய சம்பளமும் தலைநகர் லுசாக்காவில் இருந்துதான் வந்தது. சில மாதம் பிந்தும், ஆனால் வரும்.

மின்சாரம் நின்றுவிட்டால் மாலை ஆறரைக்கு மண்ணெண்ணெய் விளக்குகளை ஏற்றி வரிசையாகச் சாப்பாட்டு மண்டபத்தில் வைப்பார்கள். ஒரு விளக்குக்கு எட்டுப் பிள்ளைகள். ஒன்பது மணி வரை சத்தம் இருக்காது. நான் அட்சரகணிதக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மேசைக்கு மேசை நடப்பேன். சிஸ்டர் ஒருத்தர் கதவடியில் கதிரை போட்டு இருப்பார், எண்ணெய் போத்தலோடு. அந்தக் கவனம்தான் அந்தப் பாடசாலை. இன்றைக்கும் சாம்பியாவில் நல்ல பெறுபேறு எடுப்பவை என்றால் இந்த உதவி பெறும் மிஷன் பாடசாலைகளின் பெயர்தான் முன்னுக்கு வரும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஏழாம் தரப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளைத்தான் எங்களுக்கு அனுப்பினார்கள். மற்றப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நாங்கள் அந்தக் காலத்தில் யோசித்ததே குறைவு. இப்போது யோசித்தால் நெஞ்சு கனக்குது.

சிவா, நீங்கள் எழுதினதில் எனக்குப் பட்டது இதுதான்: அரசாங்கம் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதற்கும், தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கு.

---

ரோஸ்ஹில் கலா (ஞாயிறு, காலை 9:05)

மாஸ்டர் சொன்ன கடைசி வரிக்கு மொரீஷியஸ்தான் நல்ல உதாரணம். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்திரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் ஒரு தனியார் கல்லூரியில் (இங்கே உயர்நிலைப் பள்ளியைக் கல்லூரி என்றுதான் சொல்வோம்) அறிவியல் ஆசிரியர். ஆப்பிரிக்க நாடுகள் என்று பேசும்போது இந்தத் தீவை மறந்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1970களில் இங்கே அரசுக் கல்லூரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. பெரும்பாலான பிள்ளைகள் படித்தது கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரிகளில். கடைக்கு மேல்மாடி, பழைய வீடு, தகரக் கொட்டகை என்று கிடைத்த இடத்தில் நடந்தவையும் உண்டு. 1975 மே 20ஆம் தேதி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தலைநகர் போர்ட் லூயிஸ் நோக்கி நடந்தவர்களைக் கிராண்ட் ரிவர் பாலத்தில் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசித் தடுத்தது. என் மாமியார் அப்போது பதினாறு வயசுப் பெண், அந்தப் பாலத்தில் இருந்தவர். செருப்பு ஒன்று அங்கேயே போய்விட்டது, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தேன் என்று இப்போதும் சொல்வார். "அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா?" என்பதுதான் அவர்கள் கேட்டது.

1976இல் தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கென்று ஒரு சட்டபூர்வ அமைப்பு வந்தது. 1977 ஜனவரியிலிருந்து உயர்நிலைக் கல்வி இலவசம், தனியார் கல்லூரியிலும்தான். பள்ளியை அரசு எடுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர், ஊழியர் சம்பளத்தை அந்த அமைப்பு வழியாகக் கொடுத்தது. பராமரிப்புக்குத் தனி மானியம். பதிலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, ஆய்வாளர் வருவார், தகுதி பார்ப்பார். அந்த ஏற்பாடு ஐம்பது வருஷத்தை நெருங்குகிறது. அமைப்பின் பெயர் மட்டும் நடுவில் மாறியது. இன்றும் இங்கே உயர்நிலைப் பள்ளிகளில் பாதிக்கும் மேல் தனியார் நிர்வாகம்.

பொதுப்பணம் வாங்கினால் பொது விதிக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்கு ஒரு வழக்கே நடந்தது. கத்தோலிக்கக் கல்லூரிகள் பாதி இடங்களைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வைத்திருந்தன. சத்யதேவ் தெங்கூர் என்ற தொழிற்சங்கத் தலைவர் தன் மகளுக்காக வழக்குப் போட்டார். அது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004இல் எங்கள் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. அரசுச் சம்பளத்தில் பாடம் நடத்திக்கொண்டு வாசலில் மதம் கேட்க முடியாது என்று ஆகிவிட்டது.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். முன்பெல்லாம் ஆறாம் வகுப்புத் தேர்வில் மேலே வந்த பிள்ளைகள் "ஸ்டார்" கல்லூரிகளுக்குப் போனார்கள், மிஞ்சியவர்கள் சாதாரணத் தனியார் கல்லூரிக்கு. ட்யூஷன் இங்கே பெரிய நோய். இலவசக் கல்வி என்று பெயர், ஒவ்வொரு வீடும் மாசாமாசம் ட்யூஷனுக்குக் கொடுக்கிறது. ஆனால் "அரசுப் பணம் வந்ததும்" என்று என் வீட்டுக்காரர் ஒரு மாசம்கூடச் சொன்னதில்லை சிவா அண்ணா.

---

பார்த்தி (ஞாயிறு, காலை 11:30)

கலா அக்கா, உங்கள் பதிவு என்னை நிறைய யோசிக்க வைத்தது. ஆனால் ஒரு நியாயமான வேறுபாடு இருக்கிறது. மொரீஷியஸ் சின்னத் தீவு, 1970களில் சர்க்கரையில் நல்ல வருமானம் பார்த்த அரசு. உகாண்டாவில் ஆண்டுதோறும் ஏழாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளே பல லட்சம். எல்லா ஆசிரியர் சம்பளத்தையும் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது என்பதால்தானே தலைக்கு இவ்வளவு என்று போனார்கள்?

---

பண்ருட்டி ரஃபி (ஞாயிறு, மாலை 5:45)

நான் கோட் டிவாரில் (ஐவரி கோஸ்ட்), புவாக்கே ஊரில் இருக்கிறேன். முந்திரிக்கொட்டை கொள்முதல் செய்து தூத்துக்குடிக்கு அனுப்பும் வேலை. பிப்ரவரி முதல் ஜூன் வரை கிடங்கிலேயே குடியிருப்பேன். படிப்பு விஷயம் எனக்குப் பெரிசாகத் தெரியாது. ஆனால் எங்கள் எடைமேடைக் குமாஸ்தாவின் பையன் கதையில் நீங்கள் பேசுவது அப்படியே இருக்கிறது.

இங்கே ஆறாம் வகுப்பு முடித்துத் தேர்வில் தேறினால் எந்தப் பள்ளி என்று அரசே ஒதுக்கும். அரசுப் பள்ளியில் இடம் இல்லையென்றால் தனியார் பள்ளிக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசே கட்டும். கீழ் வகுப்புகளுக்கு வருஷத்துக்கு 1,20,000 பிராங்க், மேல் வகுப்புகளுக்கு 1,40,000. குமாஸ்தாவின் பையனுக்குத் தனியார் பள்ளி ஒதுக்கீடு வந்த அன்று கிடங்கு முழுக்க ஆளுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாவது வருஷம் பள்ளியில் சொல்லிவிட்டார்களாம், அரசு பாக்கி வைத்திருக்கிறது, பாக்கி வரும் வரை மதிப்பெண் சீட்டு கிடையாது என்று. இது ஒரு பள்ளியின் கதை இல்லை. தனியார் பள்ளி உரிமையாளர்கள் சங்கம் பாக்கிக்காக அரசோடு மல்லுக்கட்டுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. குமாஸ்தா என்னிடம் முன்பணம் கேட்டார், கொடுத்தேன். இரண்டு பெரியவர்கள் கணக்கு முடிக்காததற்குப் பதின்மூன்று வயசுப் பையனின் சீட்டை ஏன் பிடித்துவைக்க வேண்டும்? வியாபாரத்தில் நாங்கள் பாக்கிக்காகச் சரக்கை நிறுத்துவோம். அது கொட்டை, மூட்டையில் கிடக்கும். பையன் ஒரு வருஷம் உட்கார்ந்தால் போன வருஷம் போனதுதான்.

---

தேன்மொழி (ஞாயிறு, இரவு 9:10)

கேப் டவுனிலிருந்து எழுதுகிறேன். நடுவில் நுழைவதற்கு மன்னியுங்கள். பணத்தைப் பற்றியே பேசுகிறோம், அதிகாரம் யார் கையில் என்பதையும் சேர்க்க வேண்டும்.

இங்கே மேற்கு கேப் மாகாணத்தில் 2016இலிருந்து "கூட்டுப் பள்ளி" என்ற முறை நடக்கிறது. அரசுப் பள்ளிதான், கட்டணம் இல்லை. லாப நோக்கமில்லாத ஒரு தொண்டு நிறுவனம் நிர்வாகத்தில் கூட்டாளியாக வரும். நன்கொடையாளர் பணமும் கொஞ்சம் வரும். 2018இல் மாகாணச் சட்டத்திலேயே இதைச் சேர்த்தார்கள். அந்தக் கூட்டாளிக்குப் பள்ளி நிர்வாகக் குழுவில் பாதி வாக்கு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி போன பிறகு பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் நிர்வாகக் குழு என்பது போராடிப் பெற்ற உரிமை. ஆசிரியர் சங்கமான சாட்டுவும் "ஈக்குவல் எஜுகேஷன்" அமைப்பும் எதிர்த்தது அதனால்தான். பள்ளிகளில் முன்னேற்றம் இருக்கலாம், நான் ஆசிரியர்களிடம் பேசும்போது அப்படிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாளைக்கு அந்த நிறுவனம் விலகினால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சிவா அண்ணா, உங்களிடம் ஒரு கேள்வி. 2018இல் அரசு விலகியபோது பெண் பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

---

பார்த்தி (திங்கள், காலை 8:00)

தேன்மொழி அக்கா சொன்ன "விலகினால் யாரிடம் கேட்பது" என்பதை நான் சரியாக எடை போடவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

லைபீரியா நினைவுக்கு வருகிறது. அது தொடக்கப் பள்ளி விஷயம், ஆனாலும் பொருந்தும். 2016இல் 93 அரசுப் பள்ளிகளை எட்டு வெளி நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் கற்றலில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒரு நிறுவனம் வகுப்பில் கூட்டம் அதிகம் என்று பிள்ளைகளை வெளியே அனுப்பியது, பழைய ஆசிரியர்களில் பெரும்பாலோரை வேறு அரசுப் பள்ளிகளுக்குத் தள்ளிவிட்டது. அந்தப் பள்ளியில் மதிப்பெண் ஏறும், பக்கத்துப் பள்ளியில் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் இதைத் தடுக்கும் வரி இல்லை. 2019 பிப்ரவரியில் மனித உரிமை வல்லுநர்கள் கோட் டிவாரின் அபிஜான் நகரில் கூடி ஏற்றுக்கொண்ட "அபிஜான் கோட்பாடுகள்" இதைத்தான் சொல்கின்றன: தனியாரைச் சேர்த்துக்கொண்டாலும் அரசின் கடமை அரசிடமே இருக்கும். முதலில் படித்தபோது வெறும் சட்டமொழி என்று கடந்துபோனேன். கலா அக்காவின் தெங்கூர் வழக்கையும் ரஃபி அண்ணன் சொன்ன மதிப்பெண் சீட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் புரிகிறது.

இருந்தாலும் 2018இல் மாற்றுப் பள்ளி தயாராகாமல் கூட்டை முறித்தது தவறு என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

---

யாழ் மாஸ்டர் (திங்கள், காலை 9:15)

அதில் நானும் பார்த்தியோடுதான். ஆற்றுக்கு நடுவில் நின்று தோணியை மாற்றக் கூடாது.

---

எம்பாலே சிவா (திங்கள், இரவு 9:50)

கடை அடைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் அரசு பக்கத்து நியாயம். அவர்கள் சொன்ன காரணங்கள் பொய்யில்லை. பதிவேட்டில் இருக்கும் பிள்ளைகள் வகுப்பில் இல்லை, தேர்வு முடிவு மோசம் என்றார்கள். தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் தலையைக் கூட்டிக் காட்டும் ஆசை வரும். ஆய்வாளர் வரும் நாளுக்குப் பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்த பள்ளி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். அன்று அங்கே சரக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். சீருடை பொருந்தாமல் கைக்குள் மடக்கி விட்டிருந்தார்கள்.

அந்தப் பணத்தை வைத்து அரசுப் பள்ளி கட்டுவோம், துணை மாவட்டத்துக்கு ஒன்று என்றார்கள். "விதைப் பள்ளி" என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். உலக வங்கிப் பணத்தில் முதல் கட்டமாக 117 பள்ளிகள். கட்டடங்கள் நல்லவை, ஆய்வகம், நூலகம், கணினி அறை, ஆசிரியர் குடியிருப்புகூட இருக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பள்ளி எழும்ப வருஷங்கள் ஆகும், பிள்ளைக்குப் பதின்மூன்று வயசு ஒரு தடவைதான். நடுவில் கொரோனா வந்து, 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுக்கத் திறந்தன. உலகத்திலேயே நீண்ட மூடல் இங்கேதான். கூட்டு முறிந்து ஏற்கெனவே பாதி மூச்சில் இருந்த தனியார் பள்ளிகள் அதில் போய்விட்டன. நான் முதல் பதிவில் சொன்ன பள்ளியும் அப்படித்தான் போனது. அந்தத் தலைமையாசிரியர் எனக்குத் தர வேண்டிய பாக்கியைப் பெஞ்சு விற்றுக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

பார்த்தி தம்பி, சம்பளத்தை ஏற்க அரசுக்கு வசதியில்லை என்றீர்கள். இருக்கலாம். ஆனால் விலைவாசிக்குத் தக்கபடி தொகையை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை உயர்த்தியிருக்கலாம், பருவத் தொடக்கத்தில் கொடுத்திருக்கலாம். எனக்குக் கடையில் தெரிந்த விஷயம் இது: பத்து வருஷம் விலை ஏற்றாமல் சரக்குக் கேட்பவருக்கு நான் கொடுத்துக்கொண்டேதான் இருந்தால், கடைசியில் மெல்லிய தாள் நோட்டுதான் கொடுக்க முடியும். அந்தப் பள்ளிகள் கொடுத்ததும் அதுதான். பிறகு தாள் மெல்லிசாக இருக்கிறது என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

தேன்மொழி அக்கா, பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். மொத்தக் கணக்கு சொல்ல நான் ஆள் இல்லை. ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன்.

என் கிடங்கில் மூட்டை பிரிக்கும் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் 2015இல் அந்தத் தனியார் பள்ளியில் அரசுச் செலவில் சேர்ந்தாள். வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சாப்பாட்டுக் காசு கட்டத் திணறினார்கள், இரண்டு முறை வாசலில் நிறுத்தப்பட்டாள், ஆனாலும் நான்கு வருஷம் முடித்துச் சான்றிதழ் வாங்கினாள். இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை. சின்னவள் படிக்கும் வயசு வந்தபோது அந்தப் பள்ளி இல்லை. விதைப் பள்ளி இருக்கிறது, ஒன்பது கிலோமீட்டர். "போடா போடா" என்னும் வாடகை மோட்டார் சைக்கிளில் போக 2,000, வர 2,000. ஒரு பருவத்துக்கு 65 பள்ளி நாள் என்று வைத்தால் 2,60,000 ஷில்லிங். அரசு அன்று ஒரு பிள்ளைக்குக் கொடுத்த தொகையைப் போல ஐந்தரை மடங்கு, வெறும் வழிச்செலவு. பள்ளிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கும் பெண்கள் இருக்கிறார்கள். இவளையும் அப்படி விட அம்மாவுக்குப் பயம். அந்தப் பயம் நியாயமானது, இந்த ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரியும்.

---

ரோஸ்ஹில் கலா (செவ்வாய், காலை 6:30)

அண்ணா, அந்தச் சின்னப் பெண் இப்போது படிக்கிறாளா, இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

---

எம்பாலே சிவா (செவ்வாய், இரவு 8:15)

படிக்கிறாள் கலா அக்கா. சீனியர் இரண்டு, அதாவது உயர்நிலையில் இரண்டாம் வருஷம். நடந்து போகிறாள். காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் போய்விடலாம், வழியில் இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். மாலை திரும்பும்போது இருட்டிவிடும். போன பருவம் மழை அதிகம், நோட்டெல்லாம் நனைந்து மை கலைந்துவிட்டது என்று அவள் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: நோட்டு மூட்டைகளைச் சுற்றி வரும் தடித்த பாலித்தீன் உறையைக் குப்பையில் போடாமல் எடுத்துக்கொள்ளலாமா என்று. ஐந்து பேருக்கும் ஆகும்படி வெட்டி, ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டிப் பை செய்து வைத்திருக்கிறார். இன்று காலை கிடங்கில் பார்த்தேன்.